கழற்றக் கூடாத ஒயர்

போன ஞாயிற்றுக்கிழமை ஒருவர் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, “ரொம்ப நன்றி சார்” என்றார். எழுதிப் பிழைக்கிறவனுக்கு எப்போதாவது கிடைக்கிற பாக்கியம் இது. நியாயமாகப் பார்த்தால் நான் ஒரு வாரம் தலைகால் புரியாமல் திரிந்திருக்க வேண்டும்.

திரியவில்லை. தெருவில் தலை நிமிர்ந்து நடக்கவே முடியவில்லை. “என்ன சார், இந்த வாரம் என்ன எழுதப் போறீங்க?” என்று பால்காரர் வழக்கம்போல் கேட்டதற்குக்கூட உடம்பு கூசியது. ஏன் என்று சொல்கிறேன். உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது? வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் செய்த தப்பை இந்தப் பக்கத்தில்தானே சொல்ல வேண்டும்?

தஞ்சாவூர் பைபாஸ் பக்கம் புதிதாக ஒரு ஹோட்டல் திறந்திருக்கிறார்கள். ஏசி அறைகள், கண்ணாடிக் கதவு, கதவைத் திறந்துவிடத் தலைப்பாகை கட்டிய ஒரு ஆள்... பெரிய கோயில் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை நம்பிக் கட்டியது. இப்போது நம் டெல்டாவில் இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆற்றில் தண்ணீர் வருகிறதோ இல்லையோ, மஸ்கட்டிலிருந்து டிராஃப்ட் வந்துவிடுகிறது. 

நண்பர் ஒருவர் ரிட்டயர் ஆனார். அங்கே மதியச் சாப்பாடு. போனோம்.

போர்ட்டிகோவில் ஒரு கார் நின்றது. கறுப்புக் கார். தவளைக் கண் மாதிரித் துருத்திக்கொண்டிருக்கும் ஹெட்லைட். முப்பதுகளில் கப்பலில் வந்து இறங்கிய இங்கிலீஷ் வண்டி. சுற்றிலும் சிவப்புக் கயிறு. “தயவுசெய்து தொடாதீர்கள்” என்று தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு போர்டு. சக்கரங்களுக்குக் கீழே சலவைக்கல்.

நான் சும்மா இருப்பேனா? கூட வந்தவர்களை நிற்க வைத்து ஒரு லெக்சர் எடுத்தேன். “இந்த பானெட்டுக்குள்ளே டைனமோன்னு ஒண்ணு இருக்கும். என்ஜின் ஓடும்போது பெல்ட் அதைச் சுத்தும். அது மின்சாரம் உண்டாக்கி பேட்டரியை நிரப்பும். அது செத்துப் போச்சுன்னா கொஞ்ச தூரத்துல வண்டியும் செத்துப் போகும்...” நண்பர்கள் தலையாட்டினார்கள். பசி வேறு. தலையாட்டினால் சீக்கிரம் உள்ளே போகலாம் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

அப்போதுதான் அவர் வந்தார். வெள்ளைச் சட்டை, கழுத்தில் மெல்லிய சங்கிலி, சிரித்த முகம். ஹோட்டல் முதலாளி. பெயர் சாமுவேல்.

“சார்... நீங்க அந்த ரைட்டர்தானே? பத்திரிகைல போட்டோ பார்த்திருக்கேன்!”

ஆமாம் என்றேன், அடக்கமாக. அடக்கம் எனக்கு நன்றாக வரும்.

அவர்தான் என் கைகளைப் பிடித்தார். “ரொம்ப நன்றி சார். இந்த வண்டி இன்னைக்கு இங்க நிக்குதுன்னா அது உங்க புண்ணியம். முதல்ல சாப்பிடுங்க. உங்க டேபிளுக்கு பில்லே வரக் கூடாதுன்னு சொல்லிட்டேன்.”

எதற்கு நன்றி என்று புரியவில்லை. ஆனால் பாருங்கள்... புரியாவிட்டாலும் நன்றி நன்றிதானே? வஞ்சிரம் வறுவலை இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். வெட்கமில்லாமல் ஐஸ்கிரீமும் சாப்பிட்டேன்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்த பிறகுதான் கதையைச் சொன்னார். முன்னாலேயே சொல்லியிருந்தால் அந்த மீன் என் தொண்டையில் இறங்கியிருக்காது.

சாமுவேலின் அப்பா பட்டுக்கோட்டையில் டாக்டர். லூதரன் கிறிஸ்தவக் குடும்பம். அந்தக் கறுப்புக் காரில்தான் அவர் ஊர் ஊராகப் போய் வைத்தியம் பார்த்தார். அவர் காலமான பிறகு சாமுவேல் மஸ்கட் போய்விட்டார். காரைப் பார்த்துக்கொண்டது அக்கா எஸ்தர். எண்ணெய் போட்டது, துடைத்தது, ஞாயிற்றுக்கிழமை தோறும் தானே ஓட்டிச் சர்ச்சுக்குப் போய் வந்தது எல்லாமே அவர்தான். தோப்பைப் பிரித்தார்கள், வீட்டைப் பிரித்தார்கள், காரை மட்டும் பிரிக்க வழியில்லாமல் இரண்டு பேருக்கும் பொதுவாகவே விட்டு வைத்திருந்தார்கள்.

மஸ்கட்டிலிருந்து திரும்பி ஹோட்டல் கட்டினதும் சாமுவேலுக்கு போர்ட்டிகோவில் நிறுத்த அந்தக் கார் வேண்டியிருந்தது. அக்கா மாட்டேன் என்றார். பேச்சு வளர்ந்தது. கடைசியில் உறவுக்காரர்கள் முன்னால் ஒரு பேச்சு முடிவானது: தை மாதம் ஹோட்டல் திறக்கும் நாளில், ஜெபம் தொடங்குவதற்குள், கார் பட்டுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூருக்குத் தானாக ஓடி வந்து சேர வேண்டும். ஓடி வந்தால் அது ஓடுகிற வண்டி, அக்காவுக்கு. கயிறு கட்டி இழுத்து வந்தால் அது நிற்கிற வண்டி, ஹோட்டலுக்கு.

“நியாயமான பேச்சுதானே சார்?”

நியாயம்தான் என்றேன்.

“அக்கா வந்துருவாங்கன்னுதான் நான் நினைச்சேன் சார். அவங்க கை அப்படி. ஆனா கிளம்புறதுக்கு முதல் நாள் டைனமோவை டெஸ்ட் பண்றேன்னு... நீங்க எழுதியிருந்தீங்கல்ல? மார்கழி மாசம்? அதைப் பார்த்து அப்படியே செஞ்சிருக்காங்க.” சாமுவேல் தொடையைத் தட்டிச் சிரித்தார். “டைனமோ புகைஞ்சு போச்சு சார்! மறுநாள் ஒரத்தநாடு தாண்டி வண்டி படுத்துருச்சு. வைக்கோல் ஏத்தப் போன டிராக்டர்ல கட்டி இழுத்துட்டு வந்தாங்க. திறப்பு விழாவுக்கு வந்த கூட்டம் மொத்தமும் வாசல்ல நின்னு பார்த்துச்சு. கனடாவுலேர்ந்து வந்த சொந்தக்காரங்க எல்லாம் வீடியோ எடுத்தாங்க!”

பானெட்டைத் திறந்து காட்டினார். டைனமோ இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இரும்புத் தாங்கி. பெல்ட்டும் இல்லை.

“அதை மட்டும் அக்கா கழட்டி எடுத்துக்கிட்டாங்க. போகட்டும்னு விட்டுட்டேன். நிக்கிற வண்டிக்கு டைனமோ எதுக்கு சார்?”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? “ஐயா, தப்பு என்னுடையது” என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரே ஒரு வாக்கியம். அதற்கு முன்னால் பத்து நிமிஷம் விடாமல் பேசின வாய்தானே இது?

வாய் வரவில்லை. “ஹி ஹி” என்றேன். சத்தியமாக அப்படித்தான் சொன்னேன். சாமுவேல் போட்டோகிராபரைக் கூப்பிட்டார். சிவப்புக் கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். நான் அந்த பானெட்டின் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு, போட்டோவுக்கு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் பழைய இதழைத் தேடி எடுத்தேன். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கும். கும்பகோணம் போகும் வழியில் நான் ஏறின டாக்சி நின்றுபோன கதை. டிரைவர் இறங்கினார், வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்தார், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரி ஒயரைப் பட்டென்று பிடுங்கினார். என்ஜின் நிற்கவில்லை. “டைனமோ ஓகே சார், பேட்டரிதான் போச்சு” என்றார். எவ்வளவு சுலபமான டெஸ்ட்! மீட்டர் வேண்டாம், மெக்கானிக் வேண்டாம். ரோட்டோரத்தில் நம்ம ஆட்கள் எல்லாரும் இப்படித்தான் பார்க்கிறார்கள். அதை வைத்து ஒரு முழுப் பக்கம் எழுதினேன். ‘ஒயரைக் கழற்றுங்கள், ஓடினால் நல்லது, நின்றால் அவுட், அவ்வளவுதான்’ என்று ஜோராக முடித்திருந்தேன். அதற்குக் கீழே இன்னொரு வரி: ‘தாத்தா காலத்துக் கார்களுக்கு இந்த முறை இன்னும் கச்சிதமாகப் பொருந்தும்.’

என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

“இந்தக் கடைசி வரி... இதையும் அந்த டிரைவர்தான் சொன்னாரா?”

நான் இதழை மூடினேன்.

“சொல்லுங்க. யார் சொன்னா?”

யாரும் சொல்லவில்லை. அன்றைக்குப் பக்கம் நிறையவில்லை. ஆபீஸிலிருந்து போன் வந்தது: “சார், கொஞ்சம் இடம் மிச்சம் இருக்கு, ஏதாவது ஒரு வரி கொடுங்க.” கொடுத்தேன். போனிலேயே சொன்னேன். சொல்லும்போது காபி குடித்துக்கொண்டிருந்தேன் என்று நினைக்கிறேன். தாத்தா காலத்துக் காரின் டைனமோவை நான் அதற்கு முன்னால் கண்ணால் பார்த்ததுகூடக் கிடையாது.

இதைக் கேட்ட பிறகு அவள் என்னைத் திட்டியிருந்தால் தேவலை. “நாளைக்குப் பட்டுக்கோட்டை பஸ் எத்தனை மணிக்குன்னு பாருங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

போனேன். ஒரத்தநாடு தாண்டும்போது ஜன்னல் பக்கம் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். பட்டுக்கோட்டையில் இறங்கி டாக்டர் வீடு என்று கேட்டால் இன்னும் சொல்கிறார்கள். தென்னைகளுக்கு நடுவே பழைய ஓட்டு வீடு. பக்கத்தில் கார் ஷெட். கதவு திறந்திருந்தது. உள்ளே கார் நின்ற இடத்தில் தேங்காய் மட்டை அடுக்கியிருந்தார்கள்.

எஸ்தர் அம்மா வாசலுக்கு வந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். காட்டன் புடவை, மூக்குக்கண்ணாடி, நரைத்த தலையை இறுக்கி முடிந்திருந்தார். நான் பெயரைச் சொல்வதற்கு முன்னால் அவரே சொன்னார்.

“வாங்க சார். தம்பி போன் பண்ணினான். வண்டி பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டீங்களாமே... நல்லா வந்திருக்கா?”

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. விசாரிக்கிற குரலில்தான் கேட்டார். எனக்கு அப்படியே திரும்பி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிடலாமா என்றிருந்தது.

“உட்காருங்க. வெயில்ல வந்திருக்கீங்க.” இளநீர் வெட்டிக் கொடுத்தார். கணவர் தோப்பில் தேங்காய் பறிக்கிற இடத்தில் இருக்கிறாராம். 

நான் ஆரம்பித்தேன். எழுதுகிறவர்கள் மன்னிப்புக் கேட்கும்போது ரொம்பச் சுற்றுவோம், தெரியுமா? நானும் சுற்றினேன். தொழில்நுட்ப விஷயங்களில் இப்படி நேர்ந்துவிடுகிறது, ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு மாதிரி, வாசகர்களும் கொஞ்சம் எச்சரிக்கையாக...

“சார்,” என்று நிறுத்தினார். “எனக்குத் தெரியும் சார்.”

“என்ன தெரியும்?”

“என்ஜின் ஓடும்போது அந்த ஒயரைக் கழட்டக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். எங்கப்பா ஸ்டீயரிங்கைக் கையில கொடுத்த அன்னைக்கே சொன்னது. டைனமோவைப் பார்க்கணும்னா டாஷ்போர்டுல மீட்டர் இருக்கு, ஆக்ஸிலரேட்டரை மிதிச்சா முள்ளு பிளஸ் பக்கம் போகணும், போச்சுன்னா நல்லா இருக்கு, பெல்ட் தொய்வா இருக்கான்னு விரலால அமுக்கிப் பாரு, உள்ள உரசிக்கிட்டு இருக்கிற கரி பிரஷ் தேஞ்சிருக்கான்னு பாரு, அதோட விடு. பேட்டரி ஒயர்ல மட்டும் கை வைக்காதேன்னார். ஏன்னு நான் கேட்கல. அவரும் சொல்லல.”

“அப்புறம் ஏன்மா...”

கேட்டிருக்கக் கூடாது. ஆனால் கேட்டுவிட்டேன்.

“நீங்க எழுதியிருந்தீங்களே சார்.”

நான் இளநீரைக் கீழே வைத்தேன்.

“முள்ளு நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. ஆனா அந்த ஆறு வோல்ட் பேட்டரி இப்பக் கடையில கிடைக்கறதில்ல, இருக்கறதும் ரொம்பப் பழசு. டைனமோ கைவிட்டுட்டா வண்டி போய்ச் சேராது. இன்னொரு தடவை நிச்சயமாப் பார்த்துக்குவோமேன்னு ஒரு பயம். தாத்தா காலத்துக் காருக்கு இன்னும் கச்சிதம்னு போட்டிருந்துச்சு. எங்கப்பா சொன்னது அந்தக் காலத்துப் பேச்சு, இவர் விசாரிக்காமயா அச்சுல போடுவார்னு நினைச்சேன்.”

விசாரிக்காமலேயே போட்டேன், அம்மா. காபி குடித்துக்கொண்டே போட்டேன். இதை அவரிடம் சொன்னேன். அந்த வரி எப்படி வந்தது என்பதை ஒன்று விடாமல் சொன்னேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்தார்.

“இடம் மிச்சம் இருந்துச்சுன்னு...” என்றார். “சரி.”

பிறகு அவராகவே சொன்னார், அன்று நடந்ததை. சாயந்தரம் ஷெட்டுக்கு வெளியே வண்டியை எடுத்து நிறுத்தியிருக்கிறார். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஒயரைக் கழற்றினார்.

“நிக்கவே இல்ல சார். நீங்க எழுதின மாதிரியே ஓடிச்சு. இன்னும் ஜோரா ஓடிச்சு. லைட்டைப் போட்டுப் பார்த்தேன், பளிச்சுன்னு அப்படி ஒரு வெளிச்சம். டைனமோ பாஸாயிடுச்சுன்னு சந்தோஷத்துல கை தட்டினேன். உள்ள இருந்த எங்க வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், வந்து பாருங்கன்னு. இவர் வர்றதுக்குள்ள பல்பு ரெண்டும் போச்சு. அப்புறம் வாடை வந்துச்சு. அரக்கு தீயற வாடை.”

நம் ரோட்டில் ஓடுகிற டாக்சிகளில் டைனமோவைக் கட்டுப்படுத்தத் தனியாக ஒரு பெட்டி இருக்கிறது. அதனால் ஒயரைப் பிடுங்கினாலும் சில சமயம் தப்பித்துக்கொள்ளும். அந்தக் காலத்து வண்டியில் அது கிடையாது. டைனமோவுக்கு உள்ளேயே மூன்றாவதாக ஒரு பிரஷ் வைத்திருப்பார்கள், பேட்டரி சேர்ந்திருக்கும் வரைக்கும்தான் அது அளவாக நடந்துகொள்ளும். பேட்டரியை எடுத்துவிட்டால் வோல்டேஜ் கன்னாபின்னாவென்று ஏறி, உள்ளே செம்புக் கம்பி சுற்றியிருக்கிற காயில் கருகிவிடும். வாய்க்காலை அடைத்துவிட்டு மதகைத் திறந்துவிட்டால் கரை என்ன ஆகும்? அதேதான். இத்தனையும் எஸ்தர் அம்மா எனக்குச் சொன்னது. கருகின பிறகு நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாராம். நான் எழுதுவதற்கு முன்னால் ஒருவரிடமாவது கேட்டிருக்கலாம்.

ஆக, டெஸ்ட் ‘பாஸ்’ ஆன அதே நிமிஷத்தில் டைனமோ செத்துக்கொண்டிருந்தது. அதைத்தான் நான் ஊருக்கெல்லாம் சுலபமான வழி என்று சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் விடியலில், டைனமோ உயிரோடு இல்லை என்று தெரிந்தே, பழைய பேட்டரியை மட்டும் நம்பிக் கிளம்பியிருக்கிறார். வேறு வழி? பல்பு மாற்றிக்கொண்டார். தை மாதத்துப் பனி உங்களுக்குத் தெரியும், எதிரே வருகிற பஸ் மூக்குக்கு முன்னால் வந்த பிறகுதான் தெரியும். லைட்டைப் போடாமல் ஓட்ட முடியாது. போட்டால் பேட்டரி இறங்கும். அறுவடை நேரம் வேறு. ரோடு முழுக்க நெல் காய்கிறது, ஆள் நிற்கிறது, ஹாரன் அடிக்காமல் நகர முடியாது. அதுவும் பேட்டரிதான்.

“ஒரத்தநாடு தாண்டினதும் என்ஜின் விக்க ஆரம்பிச்சுது. லைட்டை அணைச்சேன். ஹாரனுக்குப் பதிலா தலையை வெளியே நீட்டிக் கத்திக்கிட்டே போனேன் சார், ‘தள்ளுங்க தள்ளுங்க’ன்னு. நெல்லு அள்ளிட்டிருந்த பொண்ணுங்க எல்லாம் பார்த்துச் சிரிச்சுதுங்க. நானும் சிரிச்சேன். போயிருவோம்னுதான் நினைச்சேன். அப்புறம் நின்னுருச்சு.”

டிராக்டர்காரரைக் கூப்பிட்டது அவரே. கயிற்றைக் கட்டினதும் அவரே. திறப்பு விழா வாசலில், அத்தனை பேர் முன்னால், ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு இழுபட்டு வந்து இறங்கியிருக்கிறார். தம்பியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஜெபத்துக்குப் போய் உட்கார்ந்திருக்கிறார்.

இதையெல்லாம் அவர் அழாமல் சொன்னார். எனக்குத்தான் கண் எரிந்தது.

“உள்ள வாங்க,” என்று சாப்பாட்டு மேஜைக்குக் கூட்டிப்போனார். மேஜை மேல் ஒரு பழைய துண்டு விரித்து, அதன் மேல் அந்த டைனமோ. கறுப்பு பெயின்ட் புதிதாக அடித்திருந்தது. பம்புசெட் மோட்டாருக்குக் காயில் சுற்றுகிற கடையில் கொடுத்துப் புதிதாகச் சுற்றி வாங்கியிருக்கிறார். கார் கையை விட்டுப் போன பிறகு!

“சரியாச் சுத்தியிருக்காங்களான்னு பார்க்கணும்ல? இதான் சார் டெஸ்ட். பெல்ட் இல்லாம, வண்டி இல்லாம, பேட்டரி கரண்டை உள்ள விடணும். நல்ல டைனமோவா இருந்தா அதுவே மோட்டார் மாதிரி சுத்தும்.”

மேஜைக்கு அடியிலிருந்து பக்கத்து வீட்டு பைக் பேட்டரியை எடுத்தார். ஒரு ஒயரை டைனமோவின் உடம்பில் வைத்து என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். இன்னொன்றைத் தானே தொட்டார். சின்னதாக ஒரு பொறி. டைனமோ ஒரு தடவை உதறியது. பிறகு அதன் முன்னால் இருந்த சக்கரம் சுற்ற ஆரம்பித்தது, மெதுவாக, சீராக. மேஜையில் இருந்த டம்ளர் லேசாக அதிர்ந்தது.

“நல்லா ஓடுதுல்ல?” என்றார்.

நல்லா ஓடுது என்றேன். சுற்றுகிறது, ஒரு குறையும் இல்லை, மாட்டத்தான் வண்டி இல்லை. ஒயரைப் பிடித்தபடியே நின்றேன். அவர் பார்த்துவிட்டு, “போதும், எடுங்க” என்றார்.

நான் எழுந்து நின்றுகொண்டு சொன்னேன்: “அம்மா, இப்பவே தஞ்சாவூர் போறேன். தம்பிகிட்ட எல்லாத்தையும் சொல்றேன். தப்பு என்னோடது, பந்தயம் செல்லாதுன்னு சொல்றேன். அவர் நல்ல மனுஷன்தான். கொடுத்துருவார்.”

“கேட்டாக் கொடுத்துருவான்,” என்றார். “அதனாலதான் கேட்கக் கூடாது. வண்டி கயித்துல வந்தது உண்மைதானே? அத்தனை பேர் முன்னாடி நானும் ஒத்துக்கிட்ட பேச்சுதானே? இப்ப அவன் கொடுத்தான்னா அது அவன் கொடுத்த வண்டி. அதை நான் ஓட்ட மாட்டேன் சார்.”

“அப்ப நான் என்னதான் செய்யறது?”

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அதற்கும் வெட்கமாக இருந்தது. அவர்தானே இழந்தவர்? எனக்கு எதற்குக் கோபம்?

“எழுதுங்க,” என்றார். “எங்க சொந்தக்காரங்க எல்லாரும் என்ன பேசறாங்க தெரியுமா? பொம்பள கையில கொடுத்தா இப்படித்தான், என்னத்தையோ நோண்டிக் கெடுத்துட்டா, டாக்டர் கட்டிக் காப்பாத்தின வண்டியை ஒரு சாயந்தரத்துல பொசுக்கிட்டான்னு. கனடாவுல இருக்கிற சித்தப்பா மருமக வரைக்கும் அதான் பேச்சு. இத்தனை வருஷம் அதை ஓட வச்சது யாருன்னு ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. வண்டி போனது போகட்டும். நான் கெடுக்கலைன்னு எழுதுங்க. என் பேரைப் போட்டே எழுதுங்க.”

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். பேப்பர் அவர் கொடுத்தார். எழுதி முடித்துப் படித்துக் காட்டினேன்: ‘சென்ற மார்கழியில் இப்பகுதியில் வெளியான ஒரு குறிப்பைப் பின்பற்றியதில் வாசகி ஒருவருக்குச் சிறு சிரமம் ஏற்பட்டதாக அறிகிறோம்...’

“யாரு சார் அறிகிறது?”

“பத்திரிகைல அப்படித்தான்மா எழுதறது.”

“சிறு சிரமம்னா?”

கையை நீட்டிப் பேப்பரை வாங்கினார். கிழிக்கவில்லை. நாலாக மடித்து மேஜைக் காலுக்குக் கீழே அண்டை கொடுத்தார். அந்தக் கால் ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு பேப்பர் கொடுத்தார்.

பாருங்கள், அத்தனையும் கேட்டுவிட்டு, அந்த டைனமோ சுற்றுவதைக் கண்ணால் பார்த்துவிட்டு, அதற்குப் பிறகும் என் கை ‘அறிகிறோம்’ என்றுதான் எழுதியது. இந்தக் கைக்கு என்ன செய்வது?

இரண்டாவது தடவை எழுதினதைக் கீழே கொடுக்கிறேன். அவர் படித்துப் பார்த்துச் சரி என்று சொன்னது இது. ஒரு எழுத்தையும் மாற்றக் கூடாது என்று ஆபீஸில் சொல்லியிருக்கிறேன். இடம் போதவில்லை என்றால் என் போட்டோவை எடுத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

பழைய கார்களின் டைனமோவைச் சோதிக்க, என்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றச் சொல்லி எழுதினேன். அது தவறு. கழற்றினால் டைனமோ கருகும். புதிய வண்டிகளிலும் கழற்றாதீர்கள். எனக்கு அந்த விஷயம் தெரியாது, யாரிடமும் கேட்கவும் இல்லை, பக்கத்தை நிரப்புவதற்காக எழுதினேன். பட்டுக்கோட்டை எஸ்தர் அம்மாவின் கார் அதனால்தான் கெட்டது. அவர் கெடுக்கவில்லை. நான் கெடுத்தேன்.

சாமுவேல் சார், நீங்களும் இதைப் படிப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே சொல்லியிருக்கிறேன். உங்கள் ஹோட்டலில் என் போட்டோவை மாட்டியிருந்தால் தயவுசெய்து கழற்றிவிடுங்கள்.

கிளம்பும்போது எஸ்தர் அம்மா வாசல் கேட் வரைக்கும் வந்தார். பையில் நாலு தேங்காய் போட்டுக் கொடுத்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு, எதற்குக் கேட்கிறோம் என்று தெரியாமலே கேட்டேன்: “இனிமே என் பக்கத்தைப் படிக்கவே மாட்டீங்கல்ல?”

“அதெல்லாம் படிப்பேன் சார்,” என்றார். “செஞ்சு பார்க்க மாட்டேன்.”